லென்ஸ் மங்கும் நேரம்: கடலோர வெக்கையில் விஆர் ஹெட்செட்

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகேறிப் போய், தண்ணீருக்குள் முகம் வைத்துப் பவளப்பாறை பார்த்தவர்களுக்கு முகமூடிக் கண்ணாடி மங்குவது புதிதல்ல. புது முகமூடி என்றால் உள்பக்கத்தைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். பழையது என்றால் எச்சில் துப்பித் தடவி, கடல்நீரில் ஒருதரம் அலசிவிட்டு மாட்டிக்கொள்வார்கள். இரண்டுமே வேலை செய்யும். இதே கைவைத்தியத்தை, கண்ணை மூடி முகத்தில் மாட்டிக்கொண்டு ஆடும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டில் செய்தால் அன்றோடு அந்த லென்ஸ் முடிந்தது. முகமூடியில் இருப்பது உறுதியாக்கிய கண்ணாடி. ஹெட்செட்டில் இருப்பது மெல்லிய மேற்பூச்சுப் பூசிய பிளாஸ்டிக். பற்பசையின் நுண்துகள்கள் அந்தப் பூச்சை உரசிக் கீறிவிடும். பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் விளக்குகளைச் சுற்றி ஒரு வெண்புகை நிற்கும், அதைத் துடைத்து எடுக்க முடியாது.

மருந்து வேறானாலும் நோய் ஒன்றுதான். சூடான முகம், அதைச் சுற்றி மூடிய சிறு இடம், அதற்குள் ஈரக்காற்று, முகத்தைவிடக் குளிர்ந்த ஒரு கண்ணாடி. நிலாவெளிக் கடல்நீர் 28 பாகை அளவில் இருக்கும். அதைக் குளிர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் முகமூடி மங்குகிறது, ஏனென்றால் முகத்தின் தோல் 33, 34 பாகையில் இருக்கிறது. மங்குவதற்குக் குளிர் தேவையில்லை, வித்தியாசம் இருந்தால் போதும்.

திருகோணமலையில் ஹெட்செட் மங்குவது ஒரே காரணத்தால் அல்ல. போட்ட முதல் ஐந்து நிமிடத்துக்குள் வரும் மங்கல் ஒன்று. கால் மணி நேரம் ஆடி வேர்த்தபின் வரும் மங்கல் வேறொன்று. முதலாவதற்குச் செய்ய வேண்டியது லென்ஸைச் சூடாக்குவது. இரண்டாவதற்குச் செய்ய வேண்டியது முகத்தைக் குளிர வைப்பது. இதற்கு அதையும் அதற்கு இதையும் செய்துகொண்டிருப்பதால்தான் பலருக்கு எதுவும் பலிப்பதில்லை. ஆகவே துணியை எடுக்க முன்னர் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும்.

பனிபடுநிலைக் கணக்கு

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு மினுக்கிய கலோரிமானிப் பரிசோதனை ஞாபகம் இருக்கும். தண்ணீருக்குள் பனிக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கி, வெளிப்பக்கத்தின் பளபளப்பு எந்த வெப்பநிலையில் மங்குகிறது என்று பார்ப்பது. அந்த வெப்பநிலைதான் பனிபடுநிலை. காற்றில் உள்ள நீராவி, அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் துளியாகிவிடும். ஹெட்செட் லென்ஸும் ஒரு கலோரிமானிதான், விலைதான் கூட.

கணக்கைச் சுருக்கமாகப் போட ஒரு வழி உண்டு. சாரீரப்பதனை 100 இலிருந்து கழித்து, மிச்சத்தை 5 ஆல் பிரித்து, வருவதை வெப்பநிலையிலிருந்து கழித்தால் பனிபடுநிலை ஏறத்தாழக் கிடைக்கும். ஈரப்பதன் 50 வீதத்துக்கு மேல் இருந்தால் இது நன்றாகவே பொருந்தும். உப்புவெளியில் ஒரு சாதாரண பின்னேரம், 30 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்று வைத்தால் விடை 25. மாரியில் 28 பாகை, 85 வீதம் என்றாலும் அதே 25தான். ஏசி போட்ட அறை 22 பாகை, 55 வீதம் என்றால் 13. வெப்பநிலையும் ஈரப்பதனும் காட்டும் சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று மேசையில் இருந்தால் இந்தக் கணக்கை எப்போதும் போடலாம். மலிவானவை ஐந்து வீதம் முன்பின்னாகக் காட்டும். இந்த வேலைக்கு அது போதும்.

அறைக் காற்றின் கதை அவ்வளவுதான். ஹெட்செட்டுக்குள் இருப்பது வேறு காற்று. முகத்தோலை ஒட்டியபடி 33 பாகை, 80 வீதம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே பனிபடுநிலை 29. மூச்சு மேலே கசிந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் வெளிவிடும் மூச்சு 34 பாகை அளவில் ஏறக்குறைய முழு ஈரத்தோடு வருகிறது. இந்த இரண்டு எண்களை, அறைக்கு 25, உள்ளுக்கு 29 என்பதை, மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எல்லாம் சுலபம்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. இரண்டு லென்ஸின் பரப்பும் சேர்ந்து 40 சதுர சென்ரிமீற்றர், அதன்மேல் சராசரியாக ஆயிரத்தில் இரண்டு மில்லிமீற்றர் தடிப்புக்குத் துளிகள் என்று எடுத்தால் மொத்தம் 8 மில்லிகிராம். கண்மருந்துச் சொட்டு ஒன்றில் ஆறில் ஒரு பங்கு. சும்மா இருக்கும் மனிதத் தோலிலிருந்தே, வேர்க்காமல், ஹெட்செட் மூடும் அளவு பரப்பில் நிமிடத்துக்கு ஒன்றரை மில்லிகிராம் அளவில் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும். ஐந்தாறு நிமிடத்தில் சரக்குச் சேர்ந்துவிட்டது. வேர்க்கத் தொடங்கினால் இது பல மடங்கு. லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் போடுவது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே விடை. ஊற்று தோலில் இருக்கிறது, லென்ஸில் இல்லை.

போட்டவுடன் மங்கினால்

ஏசி அறையில் இரவு முழுவதும் கிடந்த ஹெட்செட் 22 பாகையில் இருக்கும். அதை அந்த அறைக்குள்ளேயே முகத்தில் வைத்தால், உள்ளே பனிபடுநிலை 29, லென்ஸ் 22. மங்காமல் என்ன செய்யும். அதையே எடுத்துக்கொண்டு வெளி விறாந்தைக்கு வந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை. போடவே தேவையில்லை. வெளிக்காற்றின் பனிபடுநிலை 25, ஹெட்செட் 22. லென்ஸின் உள்பக்கம் மட்டுமல்ல, முன்னால் உள்ள கமராக்களும் மங்கும். கமரா மங்கினால் கைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் எங்கே இருக்கின்றன என்று ஹெட்செட்டுக்குத் தெரியாமல் போகும், கை காற்றில் மிதக்கும், ஆட்டம் தள்ளாடும். இதை மென்பொருள் பிழை என்று நினைத்து முழுவதையும் அழித்துத் திரும்ப அமைக்கிறவர்கள் உண்டு. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் போதும்.

நிலாவெளி விடுதிகளில் தங்கிப் படம் பிடிக்கிறவர்களுக்கு இதற்கு மருந்து தெரியும். ஏசி அறையை விட்டு வெளியே வர முன்னரே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டிவிடுவார்கள். ஹெட்செட்டுக்கும் அதையே செய்யலாம். அறைக்குள் இருக்கும்போதே, உள்ளே உள்ள வரண்ட காற்றோடு பைக்குள் போட்டு மூடி, வெளியே கொண்டுவந்து முக்கால் மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும். பையின் வெளிப்பக்கம் காய்ந்து, தொட்டுப் பார்க்கக் குளிர்ச்சி இல்லை என்றானபின் திறக்கலாம். ஐந்து நிமிடத்தில் அவசரப்பட்டுத் திறந்தால் பை கட்டியதே வீண்.

ஆனால் இதைவிட நல்ல வழி, ஹெட்செட்டை ஏசி அறையில் வைக்காமல் விடுவதுதான். சூடான அறையில் இருந்து குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோனால் மங்காது. குளிர்ந்த இடத்தில் இருந்து சூடான இடத்துக்குக் கொண்டுபோனால்தான் மங்கும். மற்ற அறையில், காற்றுப் புகாத பெட்டியில், 29, 30 பாகையில் இருக்கட்டும். ஆடும்போது ஏசி அறைக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் ஏற்கனவே சூடாக இருக்கிறது, அறைக் காற்று வரண்டது, முகமும் வேர்க்காது. மூன்றும் ஒரே நேரத்தில் சாதகம். ஏசியை 20 இல் வைக்காமல் 26 இல் வைத்து, கூடவே மேசை விசிறி ஒன்றையும் போட்டால் மின்கட்டணமும் குறையும். கரண்ட் போய் ஏசி நின்றாலும் லென்ஸ் முகத்தின் சூட்டிலேயே நின்றுகொள்ளும்.

ஹெட்செட் ஏற்கனவே குளிர்ந்துபோய்விட்டது என்றால், அதன் சொந்தச் சூட்டிலேயே காயவைப்பது பாதுகாப்பு. உள்ளே திரையும் செயலியும் ஓடினால் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் லென்ஸ் தேவையான அளவு சூடாகும். இன்னும் சுருக்காக ஆகாதா என்றால் ஆகாது, ஏனென்றால் பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்துவது கண்ணாடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான். திரையின் சூடு கண்ணுப் பக்கத்துக்கு வந்துசேர நேரம் எடுக்கும். ஒரு சிக்கல், ஹெட்செட் முகத்தில் இல்லாவிட்டால் திரை அணைந்துவிடும். லென்ஸ் இரண்டுக்கும் நடுவில் உள்ள உணரி முகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பாமசியில் கிடைக்கும் பேப்பர் டேப் ஒரு சின்னத் துண்டை அந்த உணரியின்மேல் ஒட்டினால் ஹெட்செட் ஏமாந்து திரையை எரியவிடும். பசை மிஞ்சும் செலோடேப் வேண்டாம். சூடானபின் துண்டை எடுத்துவிட வேண்டும். மறந்தால் பற்றறி காலியாகும். ஓலெட் திரை உள்ளவற்றில், பிளேஸ்டேஷன் விஆர்2 போன்றவற்றில், அசையாத ஒரே படத்தை நெடுநேரம் எரியவிடக்கூடாது.

டேப் ஒட்ட மனமில்லாதவர்கள் ஹெட்செட்டை முகத்தில் இறுக்காமல், கீழ்ப்பக்கம் ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மெனுத் திரையிலேயே நிற்கலாம். கை கொஞ்சம் வலிக்கும். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட் கூட 515 கிராம்.

தலைமயிர் காயவைக்கும் டிரையரைப் பிடிப்பது கூடாது. லென்ஸின் பூச்சும், அதைப் பிடித்திருக்கும் பசையும் அந்தச் சூட்டுக்கு ஆனவை அல்ல. அதைவிட மோசம் வெயில். முற்றத்தில் துணி காயப்போடும் ஊரில், ஈரமான பொருள் எதையும் வெயிலில் வைப்பது கை தானாகச் செய்யும் காரியம். ஹெட்செட் லென்ஸ் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. வெயில் அதற்குள் விழுந்தால் ஒளி குவிந்து பின்னால் உள்ள திரையைச் சுட்டுவிடும், படத்தின் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டாகவோ கோடாகவோ தெரியும். அதற்கு ஒரு நிமிடமே அதிகம். யன்னலோர மேசையில், லென்ஸ் மேலே பார்க்கக் கிடந்தாலும் இதே கதிதான்.

வேர்த்தபின் மங்கினால்

ஏசி இல்லாத வீட்டில் முதல் வகை மங்கல் பெரும்பாலும் வராது. அறை 30, லென்ஸும் 30, உள்ளே 29. முதல் பத்து நிமிடம் தெளிவாக இருக்கும். பிறகு வாள் வீசி, குத்துச்சண்டை போட்டு, நெற்றி வேர்த்து, முகத்தில் படும் மெத்தையான முகப்பட்டை ஊறி, உள்ளே பனிபடுநிலை 31, 32 என்று ஏறும்போது லென்ஸ் கீழே அகப்பட்டுக்கொள்கிறது. இதற்கு லென்ஸைச் சூடாக்கிப் பயனில்லை. ஈரத்தை வெளியே தள்ள வேண்டும்.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் வரும். மாரியில் காற்றே ஈரம், அதை விசிறியால் உள்ளே அடித்தால் இன்னும் மங்காதா? மங்காது. மாரியில் வெளிக்காற்று ஈரமாக இருந்தாலும் அதன் பனிபடுநிலை 25 அளவில்தான், ஓடிக்கொண்டிருக்கும் ஹெட்செட்டின் லென்ஸ் 30க்கு மேல். 25 உள்ள காற்று 30 உள்ள லென்ஸில் துளியாக வழியே இல்லை. வாடைக் காற்று வீசி மழை கொட்டும் டிசம்பர் இரவிலும் விசிறி உதவும். உதவாத ஒரே சந்தர்ப்பம், ஹெட்செட் ஏசியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தால்; அப்போது விசிறி மங்கலைக் கூட்டும்.

முதலில் வெறும் மேசை விசிறி. ஒரு மீற்றர் அல்லது ஒன்றரை மீற்றர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வைத்து, முகத்தை நோக்கிச் சற்றே மேலே சாய்த்து, தலையாட்டாமல் நிறுத்திவிட வேண்டும். கீழிருந்து வரும் காற்று மூக்கு இடைவெளி வழியாக உள்ளே போகும், நெற்றிப் பக்கமாக வெளியே வரும். இதில் இன்னொரு இலாபம், கண் மூடியிருந்தாலும் காற்று எந்தப் பக்கத்தில் படுகிறது என்பதை வைத்து எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்று தெரியும். சுவரில் கை மோதுவது குறையும். விசிறியின் வயர் காலில் படாத பக்கமாக இருக்கட்டும்.

அதற்கும் அடங்காவிட்டால் விசிறி பூட்டிய முகப்பட்டைகள் கடையில் உண்டு. நெற்றிப் பக்கத்தில் சிறு விசிறி ஒன்று உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். தன் பற்றறியிலோ யூஎஸ்பி வயரிலோ ஓடும். வாங்கும்போது காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கேட்க வேண்டும். உள்ளிருந்து வெளியே உறிஞ்சுவது நல்லது. வெளியிலிருந்து கண்ணுக்குள் நேரே அடிப்பது கண்ணை உலர்த்தும், கடற்கரை வீடுகளில் தூசியையும் கொண்டுவந்து சேர்க்கும். ஹெட்செட்டின் மாதிரி எண்ணுக்கே உரிய பட்டையாக இருக்க வேண்டும். குவெஸ்ட் 2 க்கு உள்ளது குவெஸ்ட் 3 இல் பொருந்தாது.

முகப்பட்டை எதனால் ஆனது என்பதை யாரும் கவனிப்பதில்லை. துணி மூடிய நுரை, தோலோடு மென்மையாக இருக்கும், காற்றும் கொஞ்சம் போகும், ஆனால் வேர்வையைக் குடித்துவைத்துக்கொண்டு சூடேறச் சூடேற ஆவியாக லென்ஸுக்கே திருப்பித் தரும். சிலிக்கோன் எதையும் குடிக்காது, கழுவுவது சுலபம், ஆனால் தோலோடு ஒட்டி இறுக மூடிவிடும், வேர்வை வழிந்து கீழே நிற்கும். 2021 இல் குவெஸ்ட் 2 இன் நுரைப் பட்டை சிலருக்குத் தோல் எரிச்சலைத் தந்ததால் நிறுவனம் அதன்மேல் போடச் சிலிக்கோன் உறை கொடுத்தது. எரிச்சலுக்கு அது விடை, மங்கலுக்கு அல்ல. இந்த வெக்கையில் தேறுவது, காற்றுத் துவாரம் உள்ள பட்டை ஒன்றும், அதன்மேல் போட்டுக் கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை இரண்டு மூன்றும். ஒன்று ஊறினால் மற்றதை மாற்றலாம். நெற்றியில் ஒரு துணிப்பட்டி கட்டிக்கொள்வது இன்னும் மலிவு. வழிந்து வரும் வேர்வையை அது கண்ணுக்கு மேலேயே நிறுத்திவிடும். முகத்துக்கு எண்ணெயோ கிறீமோ பூசியபின் ஹெட்செட் போடக்கூடாது. அது பட்டையிலும் லென்ஸிலும் ஏறும், அதன்மேல் துளிகள் இன்னும் இலகுவாகப் பிடிக்கும்.

இறுக்கமும் கவனிக்க வேண்டியது. பாரம் முன்னால் இழுப்பதால் எல்லோரும் பக்கப் பட்டிகளை இறுக்குகிறார்கள். முகம் அமுங்குகிறது, காற்று வழி அடைபடுகிறது. இறுக்க வேண்டியது தலைக்கு மேலே போகும் பட்டியை. பாரம் உச்சந்தலையில் தங்கினால் முகப்பட்டை தொட்டும் தொடாமலும் இருக்கும். மூக்கு இடைவெளி வழியாக வெளிச்சம் வருகிறது என்று துணி அடைப்பவர்களும் உண்டு. காற்று வரும் முக்கிய வழி அதுதான், அதை அடைத்துவிட்டு மங்குகிறது என்றால் என்ன சொல்ல. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆடினால் மூச்சு நேரே மேலே ஏறும். கவசத்தின் மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி மேல் விளிம்பை மூடாவிட்டால் வேறு எது செய்தும் பயனில்லை.

மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து மலை இறங்கி வரும் கச்சான் காற்று இந்தக் கணக்கை மாற்றும். (வறுத்துத் தின்னும் கச்சான் அல்ல, வீசும் கச்சான்.) 36 பாகை, ஈரப்பதன் 40 வீதம் என்று வைத்தால் வெளிக்காற்றின் பனிபடுநிலை 20 அளவுக்கு இறங்கும் (ஈரப்பதன் 50க்குக் கீழே என்பதால் சுருக்கக் கணக்கு இங்கே பொருந்தாது). விசிறி இப்போது இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆனால் இந்தச் சூட்டில் ஹெட்செட்டே தாங்காமல் எச்சரிக்கை காட்டி நின்றுவிடக்கூடும், மனிதருக்கும் நல்லதல்ல. இந்த மாதங்களில் ஆட்டத்தைக் காலையிலோ இருட்டியபின்னோ வைத்துக்கொண்டு, 15 நிமிடத்துக்கு ஒருதரம் கழற்றி முகம் துடைத்துத் தண்ணீர் குடிப்பதுதான் அறிவு.

மங்கல் மாதிரி ஒன்று

சிலருக்கு இரண்டு வகைக்குள்ளும் அடங்காத மங்கல் இருக்கும். சூடாக்கினாலும் போகாது, விசிறிக்கும் போகாது, கழற்றி வைத்தாலும் மெல்லிய படலம் தெரியும். திருக்கடலூர், உப்புவெளி போன்று அலைச்சத்தம் கேட்கும் இடங்களில் இது உப்பாக இருக்க அதிக வாய்ப்பு. அலை உடையும்போது கிளம்பும் நுண்திவலைகள் காற்றில் வந்து எல்லாவற்றிலும் படியும். யன்னல் கம்பி துருப்பிடிப்பதும் இதனால்தான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டு அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே இழுக்கும். மழைநாளில் சமையலறை உப்புப் போத்தல் ஈரித்துக் கட்டியாவது போல லென்ஸிலும் நடக்கிறது. பனிபடுநிலைக்கு மேலே இருந்தாலும் லென்ஸ் ஈரமாகிறது, மேலே போட்ட கணக்கு எல்லாம் இங்கே பொய்க்கிறது. காய்ந்த வேர்வையின் உப்பும் இதே வேலையைச் செய்யும்.

இந்த உப்பைக் காய்ந்தபடி துணியால் அழுத்தித் துடைத்தால் மணற்தாள் போட்டது போல் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதித் தள்ள வேண்டும், லென்ஸ் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு. வாயால் ஊதினால் எச்சில் துளி சேரும். பிறகு சுத்தமான, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், நடுவிலிருந்து வெளியே வட்டமாக. குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3எஸ் போன்றவற்றில் உள்ளது ஃபிரெனல் லென்ஸ், வட்ட வட்டமாகப் பள்ளங்கள் உள்ளது. அந்தப் பள்ளங்களின் வழியே போக வேண்டும், குறுக்கே அல்ல. குவெஸ்ட் 3, பிகோ 4 இல் உள்ள பான்கேக் லென்ஸ் வழவழப்பானது, துடைக்க இலகு. சேலைத் தலைப்பு, லேஞ்சி, ரிஷூ எதுவும் வேண்டாம். துணியையும் மாதத்தில் இரண்டு தடவையாவது சோப்பில் அலசி, துணி மென்மையாக்கி சேர்க்காமல், வீட்டுக்குள் காயவிட வேண்டும். முற்றக் கொடியில் போட்டால் அதே உப்பை அது மறுபடி வாங்கிக்கொண்டு வரும்.

தடவும் மருந்துகள்

மங்கல் எதிர்ப்புத் திரவங்கள் நீரைத் துளியாக நிற்கவிடாமல் மெல்லிய ஒரே படலமாகப் பரப்பிவிடுகின்றன. படலம் ஒளியைச் சிதறடிக்காது, அதனால் தெளிவாகத் தெரிகிறது. எச்சிலும் குழந்தை ஷாம்புவும் முகமூடியில் செய்வது அதையே. ஆனால் மெட்டா போன்ற உற்பத்தியாளர்கள் ஹெட்செட் லென்ஸில் எந்தத் திரவமும், அற்ககோலும் படக்கூடாது, காய்ந்த துணி மட்டும் என்கிறார்கள். சும்மா சொல்லவில்லை. பூச்சு உரியும், ஃபிரெனல் பள்ளத்துக்குள் திரவம் தங்கிக் கோடு கோடாகக் காயும், விளிம்பு வழியாக உள்ளே இறங்கினால் திரைக்கும் லென்ஸுக்கும் நடுவில் எட்டாத இடத்தில் கறை.

இதைச் சுற்றிப் போக ஒரு வழி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகக் காந்தத்தால் ஒட்டும் பவர் லென்ஸ்கள் விற்கிறார்கள். பவர் இல்லாததும் கிடைக்கும். அதை ஹெட்செட் லென்ஸின் முன்னால் மாட்டி, மூக்குக் கண்ணாடிக்கு என்றே விற்கும் மங்கல் எதிர்ப்புத் துணியை அந்த மேல் லென்ஸில் மட்டும், அதையும் வெளியே கழற்றி எடுத்து வைத்துத் தேய்க்கலாம். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுக்குப் பாதுகாப்பானது என்று உறையில் எழுதியிருக்க வேண்டும். கெட்டால் அந்தச் சின்ன லென்ஸோடு போகும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது இரட்டை நன்மை, ஏனென்றால் மூக்குக் கண்ணாடியோடு ஹெட்செட் போட்டால் மங்கப் பரப்புகள் கூடுகின்றன, கண்ணாடிச் சட்டம் லென்ஸைக் கீறவும் செய்யும். குறை ஒன்று உண்டு. இரண்டு லென்ஸுக்கும் நடுவில் ஈரம் அகப்பட்டால் இலகுவில் வெளியேறாது. ஆடி முடிந்ததும் கழற்றி, இரண்டையும் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

பலர் போடும் ஹெட்செட்டும் பெட்டியும்

பாடசாலைக் கண்காட்சியில் ஒரு ஹெட்செட்டை நாற்பது பேர் வரிசையில் நின்று போடும்போது லென்ஸ் சூடாகவே இருக்கும், முதல் வகை மங்கல் வராது. பட்டைதான் ஊறிப்போகும். நிழலான மண்டபத்தில், மூன்று பட்டை உறைகள் சுழற்சியில், ஒன்று முகத்தில், இரண்டு விசிறிக்கு முன்னால் என்று வைத்து, ஐந்து பேருக்கு ஒருதரம் மாற்றினால் சமாளிக்கலாம். அடுத்தவர் போட முன்னர் முகத்தைத் துவாயால் துடைக்கச் சொல்வதும், வெயிலில் விளையாடிவிட்டு ஓடிவந்த பிள்ளையைப் பத்து நிமிடம் விசிறிக்குக் கீழே உட்காரவைப்பதும் எந்தக் கருவியையும்விடப் பலன் தரும். பட்டையைத் துடைக்க அற்ககோல் இல்லாத கிருமிநீக்கித் துணி. அது லென்ஸில் படக்கூடாது.

ஆட்டம் முடிந்ததும் நேரே பெட்டிக்குள் வைத்து மூடுவதுதான் பலரும் செய்யும் பிழை. ஊறிய நுரையில் கிராம் கணக்கில் தண்ணீர் இருக்கும். பட்டையைக் கழற்றி, ஹெட்செட்டை லென்ஸ் கீழே பார்க்க வைத்து, விசிறிக் காற்றில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் விட்டுவிட்டுத்தான் பெட்டி. ஐந்து லீற்றர் அளவுள்ள, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி போதும். அதற்குள் 50 கிராம் சிலிக்கா ஜெல். பெட்டிக் காற்றில் உள்ள நீர் மொத்தமே பத்தில் ஒரு கிராம் அளவுதான், அதை ஜெல் ஒரு பொருட்டாக எடுக்காது. ஈரநுரையை உள்ளே வைத்தால்தான் இரண்டு மூன்று நாளில் அது நிறைந்துபோகும். செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் வகை, நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் கோபால்ட் வகையைவிட வீட்டுக்கு ஏற்றது. நிறம் மாறினால் அவணில் 110 அல்லது 120 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்துத் திரும்பப் பாவிக்கலாம். அரிசி வேண்டாம், அதன் தூள்தான் லென்ஸில் ஏறும்.

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை இந்தப் பெட்டி கட்டாயம். பழைய கமரா லென்ஸ்களில் வெள்ளை நூல் போல ஓடும் பூஞ்சணம் இங்கே எல்லோர் அலுமாரியிலும் இருக்கிறது, ஹெட்செட் லென்ஸையும் அது விட்டுவைக்காது. பெட்டிக்குள் ஈரமானி 40க்கும் 50க்கும் நடுவில் காட்டினால் சரி. பற்றறியைப் பாதி அளவுக்கு ஏற்றி வைத்து, மூன்று கிழமைக்கு ஒருதரம் வெளியே எடுத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஜெல்லின் நிறத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப மூட வேண்டும்.